தீர்ந்துபோன சிலிக்கான்

காலை எட்டு நாற்பது. தொழிற்சாலை வரவேற்பறையின் நடுவில் கண்ணாடிப் பெட்டி சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. உடைசல் இல்லை, விரிசல் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருக்கவேண்டியதுதான் இல்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா பெட்டியை மூன்று முறை சுற்றிவந்தார். நாலாவது சுற்றில் பெட்டிக்குப் பதில் அவர் தலை சுற்றியது. மூன்று நாளாக ஜலதோஷம். மூக்கு அடைத்தது போதாதென்று காதும் சேர்ந்து அடைத்துக்கொண்டு, யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. லீவு போட்டுவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்த நேரத்தில்தான் ஸ்டேஷனுக்கு போன் வந்தது. எடுத்த கான்ஸ்டபிள் சொன்னது இவ்வளவுதான்: "சிலிக்கான் காணோமாம் மேடம்."

ஜீப்பில் வரும்போது கான்ஸ்டபிள் தன் அறிவை வேறு கொட்டினார். அவர் வீட்டில் கேக் சுடுகிற அச்சு சிலிக்கானாம். போனுக்கு மாட்டியிருக்கும் உறை சிலிக்கானாம். ஒரு போன் உறை காணாமல் போனதற்கா போலீஸைக் கூப்பிடுகிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் கோபம் கோபமாக வந்தது.

வந்து பார்த்தால் சங்கதியே வேறு. முதலாளியம்மா பொறுமையாக விளக்கினார். மணலிலிருந்து பிரித்தெடுக்கிற பொருளை உலையில் உருக்கி, அதிலிருந்து உருளையாகப் படிகம் வளர்ப்பதுதான் இங்கே தொழில். அதை அப்பளத்தைவிட மெல்லிசாக அறுத்து, வெயிலில் மின்சாரம் எடுக்கும் பலகை செய்கிறவர்களுக்கு அனுப்புவார்கள். காணாமல் போனது இந்த உலையில் முதன்முதலாக வளர்ந்த படிகம். ஒரு முழ நீளம், கருஞ்சாம்பல் நிறம், முகம் பார்க்கலாம் அவ்வளவு பளபளப்பு. பார்க்க இரும்பு மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும்.

"வித்தா என்ன கிடைக்கும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா.

பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்றார் முதலாளியம்மா. அவருக்கு அது விலைக்குரிய பொருள் இல்லை. தொழிற்சாலையை ஆரம்பித்தவர் அவருடைய கணவர். படுத்த படுக்கையாக இருந்தபோது அந்தப் படிகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். இதைச் சொல்லும்போது முதலாளியம்மாவின் குரல் உடைந்தது. அடுத்த வாரம் அதிலிருந்து ஒரு சின்ன வில்லையை அறுத்து, வெளியே பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார்களாம். ஆரம்ப நாளிலிருந்தே எங்கள் தரம் இதுதான் என்று வாடிக்கையாளர்களிடம் காட்டுவதற்காக.

விலை போகாத பொருளை, திறக்கவே முடியாத பெட்டியிலிருந்து எவன் எடுப்பான்? இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஒரு தும்மல் வந்தது. யோசனை வரவில்லை.

பெட்டிக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. ஐந்து கண்ணாடிகளைப் பசை போட்டு ஒட்டி, மரப்பலகைமேல் உட்காரவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். "இந்தக் கூண்டை..." என்று கான்ஸ்டபிள் ஆரம்பித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் குறுக்கிட்டது.

"கூண்டு இல்ல, பேழை. கூண்டுன்னா கம்பி இருக்கணும்."

உலைப் பிரிவின் தலைவர் அவர். முதல் படிகத்தை வளர்த்தவரும் அவர்தான். யார் எதைச் சொன்னாலும் திருத்துவார் என்பதால் தொழிற்சாலை முழுக்க அவருக்கு 'பிழைதிருத்தி' என்றே பெயர். அவருக்கும் அது தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. படிகத்தை உருண்டை என்று சொன்ன கான்ஸ்டபிளை, "உருளை" என்று அடுத்த நொடியே திருத்தினார்.

விசாரணைக்குத் தன் அறையையே கொடுத்தார். ஜன்னலோரம் ஒரு மீன் தொட்டி. தண்ணீர் கலங்கலாக இருந்தது. வெள்ளி மீன்கள் நாலைந்து கருங்கற்களுக்கு நடுவே என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தன. கான்ஸ்டபிள், இந்தத் தொட்டி எங்கே சார் வாங்கினீர்கள், என் பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்று கேட்டார். வாங்கவில்லை, கண்ணாடி அறுத்து வீட்டில் தானே ஒட்டிக் கொண்டுவந்தது என்றார் பிழைதிருத்தி. நேற்றுத்தான் தண்ணீர் மாற்றினாராம், தெளிய ஒரு நாள் ஆகுமாம்.

பேழையைப் பற்றி அவருடைய கருத்து தெளிவாக இருந்தது. பசையை அறுத்து, கண்ணாடியைத் தூக்கி, மறுபடி சுவடு தெரியாமல் ஒட்டவேண்டுமென்றால் அது கண்ணாடிக்காரர் ஒருவரால்தான் முடியும். பேழையைச் செய்தவரே அவர். நேற்றுச் சாயங்காலம் வரவேற்பறை ஜன்னலில் மழைத்தண்ணி ஒழுகுகிறதென்று வந்து தனியாக வேலை செய்ததும் அவர்தான்.

அடுத்து வந்தவர் தரை துடைக்கிற அக்கா. நேற்று நாலரைக்குப் பெட்டியைத் துடைத்தபோது கல் உள்ளே இருந்ததாம். காலையில் கதவைத் திறந்தால் கல் இல்லை, புளிச்ச வாடை மட்டும் லேசாக இருந்ததாம்.

"என்ன வாடை?"

"வினிகர் மாதிரி, மேடம்."

பிழைதிருத்தி சிரித்துவிட்டார். கண்ணாடி துடைக்க இந்த அக்கா வினிகர்தானே போடுவாள், காலையிலேயே அதற்காகத் திட்டினேன் என்றார். அதை விட்டு நாலு மாதமாகிறது, இப்போது சோப்புத் தண்ணீர்தான் என்று அக்கா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு அந்த அறையில் வினிகரும் தெரியவில்லை, சோப்பும் தெரியவில்லை. மூக்கு என்று ஒன்று இருப்பது கைக்குட்டைக்குத்தான் தெரிந்தது.

கடைசியாக வாட்ச்மேன் வந்தார். எது வெளியே போனாலும் பையைப் பிரித்துப் பார்க்காமல் விடாத மனுஷன். ராத்திரி ஒன்பதுக்குப் பிழைதிருத்தி வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதுவரை ஒப்பித்தார்.

"கண்ணாடிக்காரர் எப்ப போனார்?"

"ஆறு மணிக்கு."

"பையில என்ன இருந்தது?"

"சிலிக்கான் இருந்துச்சு மேடம்."

இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்துவிட்டார். வாட்ச்மேன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போதும், நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டார். பிழைதிருத்தி பெருமூச்சு விட்டு மெல்லத் தலையை ஆட்டினார். காலையிலிருந்து அந்தப் பொருளின் பெயரை ஒருவர் கன் என்று முடித்தார், ஒருவர் கான் என்று முடித்தார். அடைத்த காதுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் விழுந்தது.

கண்ணாடிக்காரர் அகப்பட்ட இடம், இன்ஸ்பெக்டர் அம்மா குடியிருக்கும் தெருவே. அவர் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் சமையலறை ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்தார். போலீஸைப் பார்த்ததும் அந்த வீட்டுக்காரம்மா முகம் வெளிறிப் போனார். கண்ணாடிக்காரர் ஜீப்பில் ஏறுவதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். பாதி மாட்டிய ஜன்னல் பாதியிலேயே நின்றது.

"மேடம், நான் வீடு வீடாப் போய் வேலை செய்றவன்," என்றார் கண்ணாடிக்காரர். "திருடன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா அப்புறம் எனக்கு யார் கதவைத் திறப்பாங்க?"

"எடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

ஸ்டேஷனில் நடந்த விசாரணையை கான்ஸ்டபிள் வரிக்கு வரி எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்தபோது அவருக்கே ஒன்றும் புரியவில்லை.

"நேத்து அங்கேர்ந்து சிலிக்கான் எடுத்துட்டுப் போனியா?"

"ஆமா மேடம்."

"எங்க அது?"

"தீர்ந்துபோச்சு."

"தீர்ந்துபோச்சுன்னா?"

"போற வழியில ஒரு வீட்டுல கொஞ்சம் வேலை பாக்கி இருந்துச்சு. அங்க போட்டுட்டேன்."

"ஒரு முழம் இருந்ததையும் ஒரே வீட்டுலயா?"

கண்ணாடிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "ஒரு முழம் எங்க மேடம், நாலு முழமாவது வந்திருக்கும்."

ஒரு முழக் கல் எப்படி நாலு முழமாகும்? எப்படித் தீர்ந்துபோகும்? ஆள் கிண்டல் செய்கிறான் என்று முடிவுகட்டி, லாக்கப்பில் போடச் சொன்னார். திருடியவன் ஒப்புக்கொண்டாயிற்று, நாளைக் காலை கோர்ட்டில் நிறுத்தவேண்டியதுதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மூன்று மாத்திரை போட்டும் தலை விண்விண் என்று தெறித்தது. நிறுத்தி நிதானமாகப் பேசுகிற மனுஷன், இதில் மட்டும் ஏன் உளறுகிறான்?

சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணாடிக்காரரின் மனைவி வந்தார். கூச்சல் இல்லை, அழுகை இல்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"மேடம், அவர் எடுத்தது பாதிக் குழாய்தான் இருக்கும். நான் ரெண்டு முழுக் குழாயா வாங்கிட்டு வந்திருக்கேன். இதை அவங்ககிட்ட குடுத்துட்டு அவரை விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பிதுக்கிப் பூசுகிற பசைக் குழாய் இரண்டு. மேலே கொட்டை எழுத்தில் 'சிலிக்கான்' என்று போட்டிருந்தது.

அவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் எழுதிய தாளை எடுத்து மறுபடி படித்தார். தீர்ந்துபோச்சு. நாலு முழம். வேலை பாக்கி. வார்த்தைக்கு வார்த்தை உண்மை. ஜலதோஷத்தில் சூடாகியிருந்த முகம் இன்னும் சூடானது, இந்தமுறை வெட்கத்தில்.

உடனே கண்ணாடிக்காரரைக் கூட்டிவரச் சொல்லி, உட்காரவைத்தார்.

"இந்தப் பசைக்குப் புளிச்ச வாடை வருமா?"

இதற்கு வராது என்றார் அவர். இரண்டு தினுசு இருக்கிறதாம். காயும்போது வினிகர் மாதிரி வாடை அடிப்பது ஒன்று, அடிக்காதது ஒன்று. வாடை அடிப்பதை அந்தத் தொழிற்சாலைக்குள் கொண்டுவரவே கூடாதாம், அந்த ஆவி பட்டால் கம்பியும் தகடும் அரித்துப்போய்விடுமாம்.

"யார் சொன்னது?"

"அந்தத் திருத்துற சார்தான், மேடம். பேழை செய்யும்போதே சொல்லிட்டார்."

மணி ஐந்தரை. வரவேற்பறையில் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் பிழைதிருத்தி புருவத்தைத் தூக்கினார். இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் வாட்ச்மேனைக் கேட்டார், திருட்டுச் சாமானோடு போகிறவரை ஏன் விட்டீர்கள் என்று. வாட்ச்மேன் விழித்தார். அவர் கொண்டுவந்த பசையை அவரே எடுத்துக்கொண்டு போனால் எதற்குத் தடுக்கவேண்டும்? காலையில் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாராம்.

"சிலிக்கான்னா பசையா?" என்று கேட்டார் முதலாளியம்மா. "கல்லைத்தான் சொன்னாரோன்னு இருந்தேன்."

"ரெண்டும் ஒண்ணு இல்லைங்க," என்றார் தரை துடைக்கிற அக்கா. "கல்லு கன், பசை கான். கல்லை ஒரு தடவை கான்னு சொல்லிட்டேன்னு சார் என்னைப் பத்து தரம் சொல்லவச்சார்."

இன்ஸ்பெக்டர் அம்மா தலையசைத்துவிட்டுக் கண்ணாடிக்காரரிடம் திரும்பினார். "பெட்டியைத் திறங்க."

மெல்லிய கத்தியை மேல்கண்ணாடியின் விளிம்பில் செருகி இழுத்தார் அவர். இது என் கை போட்ட பசை இல்லை என்று முணுமுணுத்தார். கண்ணாடியைத் தூக்கியதும் முதலாளியம்மா சட்டென்று மூக்கைப் பொத்தினார். கான்ஸ்டபிள் இருமினார். அடைத்துக்கிடந்த இன்ஸ்பெக்டர் அம்மாவின் மூக்குக்குள்ளும் வினிகர் நெடி சுள்ளென்று ஏறியது. மூன்று நாளில் அவர் முகர்ந்த முதல் வாசனை அதுதான்.

"சுத்தம் பண்ற வினிகர்தான்..." என்று ஆரம்பித்தார் பிழைதிருத்தி.

"வெளியில துடைச்சா உள்ள எப்படி சார் வரும்? நேத்து ராத்திரி பசை காயும்போது வந்த ஆவி. பெட்டியை நல்லா அடைச்சதால வெளியில இருந்தது போயிடுச்சு, உள்ள இருந்தது அப்படியே நின்னுடுச்சு." கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "இந்தப் பசையை எதுக்கு வாங்குவாங்க?"

"மீன் தொட்டி ஒட்டறவங்க வாங்குவாங்க மேடம்."

அக்கா மெதுவாக அந்த ஜன்னலோர அறையின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஊர்ல மீன் தொட்டி வச்சிருக்கிறவங்க ஆயிரம் பேர்," என்றார் பிழைதிருத்தி.

"இருக்கலாம். வாட்ச்மேன் கண்ணுல படாம அந்தக் கல் வெளியில போகமுடியாது. அப்படின்னா இந்தச் சிலிக்கான் கல் இன்னும் இந்தக் கட்டடத்துக்குள்ளதான்..."

"சிலிக்கன்," என்றார் பிழைதிருத்தி.

வார்த்தை தானாக வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்தக் கையை உயர்த்தப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"காலையில வாட்ச்மேன் சொன்னப்ப ஏன் சார் திருத்தல?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா. "கூண்டைத் திருத்தினீங்க. உருண்டையைத் திருத்தினீங்க. ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போற வார்த்தையை மட்டும் விட்டுட்டீங்களே."

கான்ஸ்டபிள் பிழைதிருத்தியின் அறைக்குப் போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு மீன் தொட்டிக்குள் கையை விட்டார். கருங்கற்களில் நாலைந்து மற்றவை போலச் சொரசொரப்பாக இல்லை, உடைந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னியது. சேர்த்துவைத்தபோது ஒரு முழம் வந்தது.

அதற்குப் பிறகு பிழைதிருத்தி எதையும் மறைக்கவில்லை. முதலாளியின் உயிர் இழுத்துக்கொண்டிருந்த அந்த வாரம் உலை மூன்று முறை கைவிட்டுவிட்டது. முதல் படிகத்தைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பிழைதிருத்தி வேறொரு தொழிற்சாலையில் வளர்ந்த படிகத்தை வாங்கிவந்து அவர் கையில் வைத்தார். அன்றைக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை, ஒரு கடைசி மரியாதையாகத்தான் தோன்றியது. அப்புறம் அதற்குப் பேழை வந்தது, அவருக்குப் பதவி வந்தது, வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையே தொழிற்சாலையின் கதையாகிவிட்டது. ஒவ்வொரு உலையும் தன் அழுக்கில் ஒரு துளியைப் படிகத்தில் விட்டுவைக்கும். ஒரு வில்லையை அறுத்துச் சோதித்தால் அது இந்த உலையில் பிறந்தது இல்லையென்று தெரிந்துவிடும்.

முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவதா, அழுவதா என்று அவருக்குப் புரியவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா, அவர் சந்தோஷமாப் போனாரேன்னு உங்களைக் கும்பிட்டிருப்பேன்," என்றார். "இந்தப் பிள்ளையை எதுக்கு இழுத்து விட்டீங்க?"

பிழைதிருத்தி கண்ணாடிக்காரரைப் பார்த்தார். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்து, வார்த்தை சரியாக வராமல் நிறுத்திக்கொண்டார்.

ஜீப்பில் திரும்பும்போது கான்ஸ்டபிள் இன்னும் குழம்பிக்கொண்டிருந்தார். கல்லும் மணலிலிருந்து, கண்ணாடியும் மணலிலிருந்து, பசைக்கும் அதே பொருள்தான் அடிப்படை என்கிறார்கள், அப்படியானால் காணாமல் போனது எது, கண்டுபிடித்தது எது என்று கேட்டார். எல்லாம் ஒரே குடும்பத்துச் சண்டை, வெளியாள் ஒருத்தர் நடுவில் மாட்டிக்கொண்டார் என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. அது அவருக்கே அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக் குளியலறை ஜன்னலைச் சரிசெய்யக் கண்ணாடிக்காரர் வந்தார். தெருவில் நாலு ஜன்னல்கள் லேசாகத் திறந்தன. அவர் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போகப் பார்த்தார்.

"அங்க எங்க போறீங்க? இப்படி முன்வாசல் வழியா வாங்க," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. தெருமுனைவரை கேட்கிற குரலில்தான் சொன்னார். காது அடைத்தவர்களுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

கண்ணாடிக்காரர் பசைக் குழாயை எடுத்து, வாடை அடிக்கிறதா பாருங்கள் என்று நீட்டினார். எனக்கு இன்னும் மூக்கு திறக்கவில்லை, உங்கள் மூக்கை நம்புகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. அதற்குள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர், திரும்பி வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்தார்.

"நான் வர ராத்திரி ஆகும். வேலை முடிஞ்சதும் பூட்டிட்டு, சாவியை எதிர் வீட்டு அம்மாகிட்ட குடுத்துடுங்க."

கண்ணாடிக்காரர் சாவியைப் பார்த்தார், எதிர் வீட்டைப் பார்த்தார். "அவங்க கதவைத் திறக்கணுமே மேடம்."

"என் வீட்டுச் சாவி," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "திறந்துதான் வாங்கணும்."

மத்தியானம் கண்ணாடிக்காரர் தெருவைக் கடந்துபோய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா சாவியை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறெங்கோ பார்த்தபடி, அந்தச் சமையலறை ஜன்னல் அப்படியே பாதியில் கிடக்கிறது, உள்ளே வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார்.